ஆறு தின்னும் கோட்டை

காணும் பொங்கலன்று ஊரில் என்ன செய்வோம் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். கல்கத்தாவில் அன்று அலுவலகம் உண்டு; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் காணும் பொங்கல் எப்போதும் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போய்விடும். மிருகக்காட்சிசாலை, தட்சிணேசுவரம், பேலூர் மடம் என்று மாற்றி மாற்றிப் போவது வழக்கம். இந்த ஆண்டு அந்த வழக்கம் மாறியதற்குக் கீழ்வீட்டு மாமாதான் காரணம்.

மாமாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 1962ல், தமது இருபதாவது வயதில், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் ஹையர் தேறிய சான்றிதழ்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் தங்கி, ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர். மாமி காலமாகி இரண்டு வருஷமாகிறது. ஒரே பிள்ளை சென்னையில். வரும் மாசி மாதம் மாமாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளையிடம் போய்விடுகிறார்.

"போறதுக்கு முன்னாடி எங்கேயாவது போய்ப் பார்க்கணும்னு இருக்கா, மாமா?" என்று கேட்டேன். காளிகாட் என்பார், அல்லது பூரி என்பார் என்று நினைத்தேன்.

"டைமண்ட் ஹார்பர்ல இடிஞ்ச கோட்டை ஒண்ணு உண்டுப்பா. மெஸ்ஸுல இருந்தப்போ ஏழு பேர் போனோம். அதை இன்னொரு தடவை பார்த்தா தேவலை" என்றார்.

பதினைந்து வருஷமாகக் கல்கத்தாவில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கிறேன். டைமண்ட் ஹார்பருக்கு எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு என்பது தெரியும். அங்கே ஒரு கோட்டை உண்டு என்பது எனக்குத் தெரியாது.

பாலிகஞ்சில் ரயில்

ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் கரியாஹாட் போய், அங்கிருந்து பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு நடந்தோம். நான், என் மனைவி, ஒன்பது வயதுப் பையன், மாமா ஆக நான்கு பேர். டைமண்ட் ஹார்பர் லோக்கல் சியால்டாவின் தெற்குப் பிரிவிலிருந்து புறப்பட்டு வருகிறது. கட்டணம் ஒரு நல்ல ஹோட்டல் காப்பியின் விலையை எட்டாது. சியால்டாவிலிருந்து தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும்.

சோனார்பூர் வரை நகரம் விடவில்லை. பாருய்ப்பூரில் கொய்யாக் கூடைகள் ஏறின. அந்த ஊர்க் கொய்யாவுக்கு இங்கே நல்ல பெயர் உண்டு. அதற்குப் பிறகு இருபுறமும் குளம், மூங்கில் புதர், அறுவடை முடிந்த வயல். மக்ராஹாட் தாண்டும்போது பனி விலகி வெயில் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் போவதுபோல் இருக்கிறது என்றாள் என் மனைவி. பனைமரமும் தென்னைமரமும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

1963 டிசம்பரில் மாமா இதே வழியில் கரி எஞ்சின் இழுத்த வண்டியில் போயிருக்கிறார். ஏழு பேரில் ஒருவர் கண்ணில் கரித்தூள் விழுந்து, போய்ச் சேரும்வரை கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். அந்த எழுவரில் மூவர் பிறகு பம்பாய்க்கும் டில்லிக்கும் மாற்றலாகிப் போனார்கள். மற்ற மூவர் இப்போது இல்லை. "கோட்டைச் சுவர் மேல ஏறி உட்கார்ந்து சாப்பிட்டோம். சுவர் அவ்வளவு அகலம். ஒருத்தன் சாப்பிட்டுட்டு அது மேலயே படுத்துத் தூங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். ஊருக்குப் போனபோது வேலூர்க் கோட்டையைப் பார்த்தவன் அவன். அகழியும் கொத்தளமுமாக அதே மாதிரி ஒன்று இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டான்.

கடல் மாதிரி ஒரு ஆறு

டைமண்ட் ஹார்பர் ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இது கடல்தான் என்று சத்தியம் செய்வார்கள். மறுகரையில் கிழக்கு மேதினிபூர் மாவட்டம் ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. குக்ராஹாட்டிக்குப் போகும் பெரிய படகு நடு ஆற்றில் ஒரு கட்டெறும்பு போல ஊர்கிறது. காற்றில் உப்பு வாடை. ஆனாலும் இது ஹூக்ளி நதிதான். சங்கமம் இன்னும் தெற்கே, சாகர் தீவுக்கு அப்பால். நாம் பொங்கல் வைக்கும் நாளில்தான் அங்கே லட்சக்கணக்கானோர் மகர சங்கராந்தி நீராடுகிறார்கள்.

கடலின் குணம் மட்டும் இங்கே முழுதாக உண்டு. தினம் இரண்டு முறை தண்ணீர் ஏறி, இரண்டு முறை வடிகிறது. ஏற்றத்தை ஜோவார் என்றும் வற்றத்தை பாட்டா என்றும் வங்காளிகள் சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பதினைந்து அடிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நம் சென்னை மெரினாவில் மூன்று, நான்கு அடி வித்தியாசத்தைத்தான் பார்த்திருக்கிறோம். ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்றால் கரையின் கதி என்ன ஆகும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

போதாததற்கு, டைமண்ட் ஹார்பரில் ஆறு ஒரு பெரிய வளைவு எடுத்துத் தெற்கே திரும்புகிறது. வளைவின் வெளிப்பக்கத்துக் கரையைத் தண்ணீர் எப்போதும் அரித்துக்கொண்டே இருக்கும். உள்பக்கத்தில் வண்டல் சேரும். காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. டைமண்ட் ஹார்பர் ஊர் வெளிப்பக்கத்தில் இருக்கிறது.

கோட்டை எங்கே?

ஸ்டேஷன் பக்கத்தில் டோட்டோ வண்டிக்காரரிடம் "புரானோ கெல்லா" என்றால் போதும். பழைய கோட்டை என்று பொருள். ஊருக்குச் சற்றுத் தெற்கே கொண்டுபோய் விட்டார். கோட்டை மைதானம் என்று பெயர் பெற்ற அந்த இடம் பிக்னிக் கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. பத்துப் பதினைந்து இடத்தில் அடுப்பு. நாலைந்து ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாட்டு. கோழிக்குழம்பு வாசனை. மாமா மூக்கை மூடிக்கொண்டு நடந்தார்.

கரையோரமாகத் தெற்கு நோக்கி நடந்தோம். கோட்டை தெரியவில்லை. மேலும் நடந்தோம். ஒரு மண் மேடு, புதர்கள், செங்கல் குவியல், தடுப்புக்காகக் கொட்டிய கற்கள், ஒரு டீக்கடை. டீக்கடைக்காரரிடம் கெல்லா எங்கே என்று பையன் வங்காளத்தில் கேட்டான். அவன் தமிழைவிட அதில் கெட்டிக்காரன். கடைக்காரர் கரண்டியால் நாங்கள் வந்த வழியையே காட்டினார்.

"அதைத் தாண்டித்தானே வந்தீங்க, தாதூ" என்றார் மாமாவைப் பார்த்து.

திரும்பி வந்து பார்த்தோம். செங்கல் குவியல் என்று நாங்கள் நினைத்ததுதான் கோட்டை. கரையின் சரிவில் பெரிய பெரிய கட்டிகளாகச் சுவர்த் துண்டுகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அளவு. சுண்ணாம்புக் காரையில் பிடித்த செங்கல் இத்தனை வருஷமாகியும் ஒன்றையொன்று விடவில்லை. சுவர் உடையவே இல்லை, காலடி மண்தான் போயிருக்கிறது. மண் போனதும் அப்படியே முழுதாகக் கவிழ்ந்திருக்கிறது. அப்போது வற்றம். சேறு விரிந்த சரிவில் இன்னும் பல கட்டிகள் பாசி படிந்து, தண்ணீர் விளிம்பு வரை கிடந்தன. பையன் எண்ணினான். பத்தொன்பது என்றான்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. சுவர் இருந்த இடம் எது, நாங்கள் உட்கார்ந்த இடம் எது என்று கையால் திசை பார்த்தார். பிறகு தண்ணீரைக் காட்டினார்.

"அங்கே இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

டீக்கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தாம் பையனாக இருந்தபோது இதற்குள் கண்ணாமூச்சி விளையாடியதாகச் சொன்னார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஆறு தின்றுவிட்டது என்றார். வங்காளத்தில் கரை இடிவதை அப்படித்தான் சொல்வார்கள். அவர் குரலில் வருத்தம் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னார்.

யார் கட்டியது?

பிக்னிக் வந்த ஐந்து பேரைக் கேட்டேன். ஐவரும் ஒரே பதில் சொன்னார்கள்: போர்த்துக்கீசியக் கொள்ளைக்காரர்களின் கோட்டை. அதில் ஒருவர், கொள்ளையடித்த தங்கத்தை இங்கேதான் புதைத்து வைத்திருந்தார்கள் என்றும் சொன்னார்.

இந்தக் கதை முளைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கொள்ளைக்காரர்களும் அரக்கான் மகர்களும் சேர்ந்து தென்வங்காளத்துக் கழிமுகங்களில் கிராமம் கிராமமாகப் புகுந்து, ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றது உண்மை. 1666ல் முகலாய சுபேதார் ஷாயிஸ்தா கான் சிட்டகாங்கைப் பிடித்த பிறகே அந்த அட்டகாசம் அடங்கியது. கப்பற்படையைக் குறிக்கும் ஆர்மடா என்ற அவர்களுடைய சொல்தான் வங்காளத்தில் "ஹார்மாத்" ஆகி, இன்றும் முரடனை, கொள்ளைக்காரனைக் குறிக்கும் வசவாக இருக்கிறது. ஆகவே ஆற்றோரம் ஒரு பாழடைந்த கோட்டையைப் பார்த்தால் இங்குள்ளவர்களுக்கு முதலில் அவர்கள் நினைவுதான் வரும். நம் பக்கத்தில் எந்தப் பழைய கோட்டையைக் கேட்டாலும் உள்ளே சுரங்கப்பாதை உண்டு என்பார்களே, அந்த மாதிரி.

ஆனால் நூலகத்தில் தேடியபோது வேறு செய்தி கிடைத்தது. 1908ல் வெளியான இம்பீரியல் கெஜட்டியரில் டைமண்ட் ஹார்பரைப் பற்றிய குறிப்பில் இந்தக் கோட்டை வருகிறது. பெயர் சிங்ரிகால் கோட்டை. ஊருக்குத் தெற்கே இருப்பதாகவும், அங்கே கனரக பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருப்பதாகவும் அது கூறுகிறது. அதாவது, ஆங்கிலேயர் காலத்தில் இது கல்கத்தாவின் வாசலைக் காத்த பீரங்கித் தளம். கடல் வழியே வரும் எந்தக் கப்பலும் இந்த வளைவைச் சுற்றாமல் கல்கத்தாவுக்குப் போக முடியாது. வளைவில் பீரங்கியை வைத்தால் ஆற்றின் இரு பக்கமும் குறிக்குள் வந்துவிடும். இடத்தைப் பார்த்த பிறகு எனக்கு இது சட்டென்று விளங்கியது. கொள்ளைக்காரன் ஒளிவதற்கு ஓடையைத் தேடுவான். இப்படித் திறந்த வளைவில் வந்து நிற்கமாட்டான்.

சிங்ரி என்றால் இறால், கால் என்றால் ஓடை. இறால் ஓடைக் கோட்டை! இதை மாமாவிடம் சொன்னேன். "அறுபது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கவே மாட்டேன்" என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

கோட்டை பெரிய போர் எதையும் பார்த்ததாக நான் படித்த நூல்களில் இல்லை. ஊர்தான் நிறையப் பார்த்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்கள் இங்கே நங்கூரம் பாய்ச்சிச் சரக்கை இறக்கும். படகுகளில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். மேலே போனால் மணல் திட்டு ஆபத்து. ஃபால்டாவுக்கு அருகே உள்ள ஒரு திட்டுக்கு "ஜேம்ஸ் அண்ட் மேரி" என்று பெயர். 1694ல் அதே பெயருள்ள கப்பல் அதில் மோதி மூழ்கியதால் வந்த பெயர். இன்றும் பைலட் இல்லாமல் எந்தக் கப்பலும் ஹூக்ளியில் போவதில்லை.

1864 அக்டோபர் 5ந் தேதி அடித்த பெரும் புயலில் கடல் அலை இந்த ஆற்றுக்குள் புகுந்து, இரு கரைகளிலும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. ஆறு தின்பது இங்கே செங்கல்லை மட்டுமல்ல.

என் தொழிலுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. இந்தியாவில் முதல் மின்சாரத் தந்திக் கம்பி போட்டது கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையேதான். டாக்டர் ஓஷாக்னசி என்ற ஐரிஷ்காரக் கம்பெனி மருத்துவரின் முயற்சியில் 1850ல் வேலை தொடங்கி, 1851ல் கம்பெனியின் உபயோகத்துக்கு வந்தது. எந்தக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது என்ற செய்தி கல்கத்தாவுக்கு உடனே தெரிய வேண்டுமே! பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853ல். ஆக, நம் நாட்டில் ரயிலுக்கு மூத்தது தந்தி. டைமண்ட் ஹார்பருக்கு ரயில் வந்தது 1883ல். தந்தி சேவையை 2013ல் நிறுத்தியபோது அலுவலகத்தில் நாங்கள் பேசிக்கொண்டோம். அது தொடங்கிய ஊருக்கு இத்தனை நாள் டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டிருந்தோம் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

சென்னையிலிருந்து வந்தவர்கள்

கரையில் ஒரு வேப்பமரத்தடியில் வாழையிலையை விரித்தோம். புளியோதரை, தயிர்சாதம், மாவடு, அரிசி அப்பளம். சாப்பிட்டுக்கொண்டே மாமா ஒரு கேள்வி கேட்டார். "நமக்கு முன்னாடி நம்ம ஜனங்க யாராவது இந்த ஆத்துல வந்திருப்பாளோ?"

வந்திருக்கிறார்கள். 1756 ஜூன் 20ந் தேதி நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைப் பிடித்தார். கவர்னர் டிரேக் முதலான ஆங்கிலேயர்கள் கப்பலில் தப்பி, இந்த இடத்துக்குச் சற்று மேலே ஃபால்டாவில் வந்து ஒதுங்கினார்கள். காய்ச்சலிலும் பசியிலும் மாதக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். அவர்களை மீட்க உதவி வந்தது எங்கிருந்து? நம் சென்னையிலிருந்து. அட்மிரல் வாட்சனும் கர்னல் கிளைவும் 1756 அக்டோபர் 16ந் தேதி சென்னையிலிருந்து கப்பலேறினார்கள். கூடவே ஏறத்தாழ 900 ஐரோப்பியர்களும், 1,500 இந்தியச் சிப்பாய்களும் புறப்பட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்று எதிர்த்து அடித்ததால் வந்து சேர டிசம்பர் ஆகிவிட்டது. 1757 ஜனவரி 2ந் தேதி கல்கத்தாவை மீட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 23ல் பிளாசி.

அந்தச் சிப்பாய்கள் சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்டவர்கள். வந்த கப்பல்களெல்லாம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்த இந்த வளைவைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். அவர்கள் கம்பெனிச் சம்பளத்துக்கு வந்தவர்கள், ஜெயித்ததும் கம்பெனிதான். அதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று நினைத்துப் பார்க்கலாம். கிளைவின் பெயரும் வாட்சனின் பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அந்த ஆயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் படித்த புத்தகங்களில் காணோம்.

"எழுதி வைக்க ஆளில்லே" என்றார் மாமா.

நீர் ஏறிய நேரம்

சாப்பாடு முடிந்து ஒரு மணிக்கு மேல் ஜோவார் தொடங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. நங்கூரம் போட்டு நின்ற படகுகள் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு தண்ணீர் வந்த வேகம் பார்க்க வேண்டியது. பையன் கோட்டையை மறுபடி எண்ண ஆரம்பித்தான். பதினாறு என்றான். டீ வாங்கிக் குடித்து மண் குவளையைப் போடுவதற்குள் பன்னிரண்டு.

நான் டீக்காகச் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினால் மாமாவைக் காணோம். செருப்பைக் கரையில் விட்டுவிட்டுச் சரிவில் இறங்கியிருந்தார். ஒரு சுவர்க்கட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். வேட்டி முழங்கால் வரை சேறு. தண்ணீர் பத்தடி தூரத்தில்.

"மாமா! என்ன காரியம் இது!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். சேறு கணுக்காலை இழுத்தது. டீக்கடைக்காரரும் ஓடிவந்தார். இருவருமாக ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தோம். நாங்கள் மேலேறி மூச்சு வாங்குவதற்குள் அவர் கைவைத்திருந்த கட்டியின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. கடைக்காரர் எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டினார். திட்டியது நியாயம்.

"அதுதான் நாங்க உட்கார்ந்த சுவரான்னு தொட்டுப் பார்க்கலாம்னு போனேன்" என்றார் மாமா.

"அதுதானா தாத்தா?" என்று கேட்டான் பையன்.

"தெரியலையேடா. எல்லாம் ஒரே செங்கல்லா இருக்கு."

பையன் ஒரு உடைந்த செங்கல் துண்டைப் பொறுக்கி வைத்திருந்தான். மாமா சென்னைக்கு எடுத்துப் போவதற்காம். மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கரையிலேயே வைத்துவிட்டார். "வர்றவன் எல்லாம் ஒண்ணு ஒண்ணு எடுத்தா ஆத்துக்கு வேலையே இருக்காதுடா. நான் சொன்னதை எழுதி வச்சுக்கோ, அது போதும்" என்றார். நான்கு மணிக்கு ஐந்து கட்டிகள்தான் தெரிந்தன. பையன் அந்தக் கணக்கையும் ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டான்.

திரும்பும் வண்டியில் மாமா அந்த மற்ற ஆறு பேரின் பெயர், சொந்த ஊர், எந்த அலுவலகம், மெஸ்ஸில் எந்த அறை என்று வரிசையாகச் சொன்னார். பையன் எழுதினான். தமிழில் எழுதத் திணறி, இடையிடையே என் மனைவியிடம் எந்த ழ, எந்த ள என்று கேட்டுக் கேட்டு எழுதினான். பாலிகஞ்ச் வருவதற்குள் நோட்டில் நாலு பக்கம் ஆகிவிட்டது.

போக விரும்புவோருக்கு

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை கடலோரம்தான் நிற்கிறது. தமிழக அரசின் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது, உள்ளே காட்சியகமும் இருக்கிறது. பேராவூரணிக்குப் பக்கத்தில் சரபோஜி மன்னர் 1814ல் எழுப்பிய மனோராவையும் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். சிங்ரிகாலுக்கு அந்த யோகம் இல்லை. நாங்கள் நடந்த வழியில் அதன் கதையைச் சொல்லும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. பலகை வைத்தாலும் ஆற்றை நிறுத்துவது எளிதல்ல. இது வண்டல் மண். கீழே பாறை கிடையாது. அதனால்தான் வங்காளத்தில் கோயிலும் கோட்டையும் செங்கல்லால் ஆனவை. ஆறு திரும்பினால் கூடவே போய்விடுகிறவை.

ஆகவே பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப் போட வேண்டாம். பாலிகஞ்சிலிருந்தோ டாகுரியாவிலிருந்தோ டைமண்ட் ஹார்பர் லோக்கலைப் பிடிக்கலாம். வண்டிகள் அடிக்கடி உண்டு. ஞாயிற்றுக்கிழமையைவிட மற்ற நாளில் போனால் ஒலிபெருக்கித் தொல்லை இராது. வற்ற நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் கோட்டையில் மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரியும். பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்துக்கொண்டு, அங்கே உள்ள படகுக்காரர்களிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. சரிவில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சில்லறை எண்ணும்போதும் அவர்கள் மேல் ஒரு கண் வைத்திருக்கவும்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவது அவசியம் என்றும் சொல்வேன். லேக் மார்க்கெட் பழைய கட்டடம் இருந்த இடத்தில் இன்று ஒரு மால் நிற்கிறது. மெஸ்கள் போய்விட்டன. டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய தலைமுறையில் பலர் பிள்ளைகளிடம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்த மெஸ் இருந்தது, முதன்முதலில் வாழையிலை விற்க உட்கார்ந்தது யார் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் ஒரு பையனும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

மாமாவுக்கு மாசி ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கீழ் பெர்த். போகும்வரை தினம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நோட்டு இப்போது முப்பதாவது பக்கத்தில் இருக்கிறது.